மருத்துவ ஆய்வாளர் தம் மேற்கோள் கணக்கைத் தயாரிக்கும் முறை

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பணிபுரியும் மருத்துவ ஆய்வாளர் பதவியுயர்வுக்காகத் தம் வெளியீடுகளையும், அவற்றைப் பிறர் தம் கட்டுரைகளில் சுட்டிய மேற்கோள்களையும் தொகுக்கும்போது, பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைக்கும் நம் வழக்கம் ஆங்கில ஆய்விதழ்களுக்குப் பிடிபடுவதில்லை. குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஒருமுறை தந்தை பெயரையும் மறுமுறை சொந்தப் பெயரையும் நிரப்பியவர், தரவுத்தளத்தில் இரண்டு ஆய்வாளர்களாகப் பிரிந்துவிடுகிறார். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்தில் சிக்கல் வேறு: முகம்மது என்பது சில கட்டுரைகளில் முழுமையாகவும் சிலவற்றில் முதலெழுத்தாகவும் அச்சாவதால், அதே முதலெழுத்துகளைக் கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் தம் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

2012 முதல் இலவசமாக வழங்கப்படும் ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாளத்தைப் பெற்று, இனி அனுப்பும் எல்லாக் கட்டுரைகளிலும் குறிப்பிடுக. ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் தம் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள் தென்பட்டால், அவற்றை இணைக்குமாறு கட்டணமின்றிக் கோரலாம். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான ஸ்கொலரிலோ கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் பார்த்தே ஏற்க வேண்டும்.

ஸ்கொலர் ஆய்வேடுகளையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் எண்ணுவதால், அதன் தொகை பொதுவாக ஸ்கோபஸின் தொகையை விஞ்சும். ஆகவே எந்தத் தளத்தில், எந்தத் திகதியில் எடுத்த எண் என்பதை அதே வரியில் எழுதுக.

2005இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்மொழிந்த எச் சுட்டெண்ணைக் கையாலேயே கணக்கிடலாம். எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் பெற்றுள்ளனவோ, அந்த எண்ணிக்கையே அது. ஒருவரின் ஆறு கட்டுரைகள் முறையே 40, 22, 9, 6, 5, 3 மேற்கோள்களைப் பெற்றிருந்தால், குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றவை ஐந்து. ஆகவே சுட்டெண் 5. இது காலத்தோடு ஏறுமே தவிர இறங்காது என்பதால், இளைய விரிவுரையாளரை மூத்த பேராசிரியருடன் இதைக் கொண்டு ஒப்பிடுவது நியாயமன்று. நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் உலக நோய்ச்சுமை ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பெயர் இருந்தால் மொத்த மேற்கோள் ஆயிரக்கணக்கில் உயர்ந்துவிடும். அத்தகைய கட்டுரையைத் தனியே காட்டுவதே நேர்மை.

துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறுவதால், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் தளத்தைப் பரிந்துரைக்கிறேன். மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் எண்ணை அதில் இட்டால், ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் இலவசமாகக் கிடைக்கும். அது 1 எனில், அந்நிறுவனங்களின் நிதியில் அதே துறையில் வெளிவந்த கட்டுரைகளின் இடைநிலை அளவுக்கு ஆண்டுதோறும் மேற்கோள் பெறுகிறது என்று பொருள். பப்மெட்டில் இல்லாத உள்ளூர் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு இவ்விகிதம் கிடைக்காது. அவற்றைத் தனிப் பட்டியலாக இணைக்கலாம்.

ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கட்டுரையின் மதிப்பாக எழுதுவதைத் தவிர்க்கவும். அது ஆய்விதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய பிரகடனமும் இதையே வலியுறுத்துகிறது. எண்களுக்குக் கீழே, முக்கியமான இரண்டு மூன்று கட்டுரைகள் எங்கே பயன்பட்டன என்று ஓரிரு வாக்கியங்கள் எழுதுக. மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியாத் தொற்று பற்றிய ஒரு நோயாளர் அறிக்கை உலகளவில் சில மேற்கோள்களையே பெற்றிருக்கலாம். ஆனால் அதன் பின் வைத்தியசாலை ஆய்வுகூடத்தின் பரிசோதனை முறை மாறியிருந்தால், அந்த மாற்றத்தை உரிய சுற்றறிக்கையின் திகதியுடன் சேர்க்க வேண்டும்.