தனுஷ்கோடி ரயிலில் இறந்தவர்கள் எத்தனை பேர்? உயர்நிலை வகுப்புகளில் ஆய்வு கற்பிக்க ஒரு வழி

'தனுஷ்கோடிப் புயல் பற்றி இரண்டு பக்கம் எழுதி வருக' என்று நாம் சொன்னால், கூகுளில் முதலில் வரும் பக்கத்தை மாணவர்கள் படியெடுத்து வருவார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமன்று. நாம் கேட்டதே அவ்வளவுதான். அதற்கு மாறாக, '1964 டிசம்பரில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்டு, புயல் அலையில் மூழ்கிய 653-ஆம் எண் பயணிகள் ரயிலில் இறந்தவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். கேள்வியின் இரண்டாம் பகுதிதான் ஆய்வைத் தொடங்கி வைக்கிறது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு நான் இந்தக் கேள்வியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம், இதற்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதே. பயணிகள் 110 பேர், ஊழியர்கள் 5 பேர், ஆக 115 பேர் என்று பல இடங்களில் காணலாம். பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 பேர் வரை இருக்கும் என்று எழுதுவோரும் உண்டு. நாளும் ஒன்றாக இல்லை: ரயில் நள்ளிரவை ஒட்டிச் சென்றதால் சிலர் டிசம்பர் 22 என்றும், வேறு சிலர் 23 என்றும் குறிக்கின்றனர்.

முதல் பாடவேளையில் இணையத்தைத் தடை செய்ய வேண்டாம். மாணவர்கள் தேடட்டும், கிடைத்த ஒவ்வொரு எண்ணையும், அது இருந்த பக்கத்தின் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, 'இந்தப் பக்கத்தை எழுதியவருக்கு இது எங்கிருந்து கிடைத்தது?' என்ற கேள்வியை எழுப்புங்கள். பெரும்பாலான பக்கங்களில் அதற்கு விடை இராது. சிலவற்றில் ஒரே வாக்கியம் சொல் மாறாமல் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பத்துத் தளங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் கிடைத்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது என்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே காணும் அந்த நேரத்துக்காகப் பாடத்திட்டத்தில் ஒரு வேளையைச் செலவிடத் தயங்காதீர்கள். விக்கிப்பீடியாவையும் இவ்வாறே பயன்படுத்தச் சொல்லுங்கள்: கட்டுரையைப் படித்து முடித்தவுடன் அடிக்குறிப்புகளுக்குச் சென்று, அவை சுட்டும் மூல ஆவணத்தைத் தேட வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் விடைக்கும் இதே விதி பொருந்தும். மூலத்தைக் காட்ட முடியாத எதையும் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம்.

அடுத்துக் கற்பிக்க வேண்டியது, அந்தக் காலத்துப் பெயர்களால் தேடும் பழக்கம். 1964-இல் 'தமிழ்நாடு' என்பது அதிகாரப்பூர்வப் பெயர் அன்று. 1969 ஜனவரி 14 வரை அது சென்னை மாநிலம். இலங்கை 1972 வரை ஆங்கில ஆவணங்களில் 'சிலோன்' என்றே வரும். இராமநாதபுரம் மாவட்டம் 1985-இல்தான் பிரிக்கப்பட்டது. ஆகவே அக்கால மாவட்டப் புள்ளிவிவரம் இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் உள்ளடக்கியது. ராமேஸ்வரம், இராமேசுவரம் என ஒரே ஊரைப் பல விதமாக எழுதும் வழக்கத்தையும் சேர்த்து, ஒவ்வொரு குழுவும் தேடுசொற் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே தயாரிக்கட்டும். இதைச் செய்யாத குழு வெறுங்கையோடு திரும்பி வந்து 'ஒன்றும் இல்லை, ஐயா' என்று சொல்லும். உண்மையில் இருந்ததை அவர்கள் வேறு பெயரால் தேடியிருப்பார்கள்.

நூலகத்துக்கு அழைத்துச் செல்லும் முன் நூலகரைச் சந்தித்துக் கேள்வியைச் சொல்லிவிடுங்கள். அந்த நூலகம் நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையைப் பின்பற்றினால், இந்திய வரலாற்றுக்கு 954, வானிலைக்கு 551.5 என்ற எண்களை மாணவர்களிடம் கொடுத்து, அலமாரியில் அவர்களையே தேடவிடுங்கள். நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், பின்னிணைப்பில் உள்ள சொல்லடைவில் 'பாம்பன்', 'புயல்' ஆகியவற்றைப் பார்த்து உரிய பக்கத்துக்குச் செல்லும் முறையை ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

பழைய நாளிதழ்கள் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. சென்னைக்கு அருகில் உள்ள பள்ளி எனில், 1896-இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு முன்அனுமதி பெற்றுச் செல்லலாம்; தொலைவில் உள்ளவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் உதவும். அதே புயல் இலங்கையின் வடபகுதியையும் தாக்கியதால், 'நூலகம்' என்ற ஈழத்து மின்தொகுப்பிலும் தேடச் சொல்லுங்கள்; கடலின் அக்கரையிலிருந்து எழுதப்பட்டதைப் படிப்பதே ஒரு கல்வி. நாளிதழைப் படிக்கும்போது, நிகழ்வுக்கு மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என மூன்று இதழ்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். தந்தித் தொடர்பும் ரயில் பாதையும் அறுந்த இடத்திலிருந்து வரும் முதல் நாள் எண்ணிக்கை பெரும்பாலும் ஊகமாகவே இருக்கும் என்பதை விளக்கிவிட்டு, எண் எப்போது, யார் சொல்லி மாறியது என்பதை அவர்களே குறித்துவரச் செய்யுங்கள்.

முதியோரிடம் கேட்டறிவது தனிக் கலை. இராமேசுவரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு இந்த வாய்ப்பு உண்டு. மற்ற ஊர்களில் 2004 சுனாமியையோ 2018 கஜா புயலையோ எடுத்துக்கொள்ளலாம். 'நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? எதை நேரில் பார்த்தீர்கள்? எதைப் பிறர் சொல்லக் கேட்டீர்கள்?' என்ற மூன்று கேள்விகளையும் இந்த வரிசையிலேயே கேட்கப் பழக்குங்கள். பதிவு செய்ய அனுமதி பெற வேண்டும்; உறவினரை இழந்தவர் பேச்சை நிறுத்தினால் மேலும் கேட்கக் கூடாது. இதைப் புறப்படும் முன்பே உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

குறிப்பெடுக்க அட்டைகள் நல்லவை: ஓர் அட்டைக்கு ஒரே செய்தி, மேலே மூலத்தின் பெயரும் தேதியும் பக்க எண்ணும், மேற்கோளுக்கு மேற்கோள்குறி, மற்றவை சொந்த நடையில்.

முடிவில் கட்டுரைக்கு முன்பாக ஓர் அட்டவணையைக் கேளுங்கள். எண்ணிக்கை, சொன்னவர், சொன்ன நாள், அவருக்கு அது தெரிந்திருக்கக்கூடிய வழி, அதை நம்புவதற்கும் ஐயுறுவதற்குமான காரணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். 'இந்த இரண்டு எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களிடம் போதிய சான்று இல்லை' என்று காரணத்தோடு எழுதும் குழுவுக்கு முழு மதிப்பெண் தரத் தயங்க வேண்டாம். அட்டைகளையும் ஒலிப்பதிவுகளையும் பள்ளி நூலகத்தில் ஒரு பெட்டியில் வைத்து, வெளியே ஆண்டைக் குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு வகுப்பு அங்கிருந்து தொடங்கலாம்.