வாஷிங்டன் வீட்டில் அடுக்களையைத் தவற விடாதீர்கள்

போன மாதம் நண்பர் ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த பெற்றோரை மவுண்ட் வெர்னனுக்கு (அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் எஸ்டேட்) கூட்டிப்போகத் திட்டம் போட்டு என்னிடம் காட்டினார். காலையில் தலைநகரைச் சுற்றுவது, மதியம் சாப்பாடு, மூன்றரைக்கு அங்கே மாளிகைக்குள் நுழைய டிக்கெட், "அப்புறம் மத்ததெல்லாம் ஒரு ரவுண்டு". எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் நான் போட்டதும் இதே திட்டம்தான், அந்த மூன்றரை உட்பட.

வர்ஜீனியாவில் குடியிருப்பவனுக்கு இது ஒரு கடமை. யார் விருந்தாளியாக வந்தாலும் அமெரிக்கப் புரட்சிக்காலத்து வீடு ஒன்றையாவது காட்ட வேண்டும். நடக்கத் தோதான செருப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் உங்களுக்கே தெரியும். நானும் மற்றவர்களும் அங்கே செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு "வீட்டைப் பார்த்தாச்சு" என்பது

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். எவ்வளவு பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தேடுவது அடுப்படியைத்தான். அவரை மவுண்ட் வெர்னனுக்குக் கூட்டிப்போன அன்று, என் திட்டத்தால் முதலில் மாளிகை. வரிசை மெதுவாக நகர்ந்தது. கண்ணைப் பறிக்கும் பச்சை பூசிய சாப்பாட்டு அறை, பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட் அனுப்பிய பாரிஸ் பாஸ்டில் சிறைச்சாவி என்று நான் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். அப்பா மரியாதைக்குத் தலையாட்டினார். பின்பக்கம் பொட்டோமாக் ஆற்றைப் பார்த்த நீளமான திண்ணையில் நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "காத்து நல்லா வருது" என்றார். அரைமணி நேரம் கழித்துக் கேட்டார்: "இத்தனை பெரிய வீட்டுக்கு எங்கப்பா சமைச்சாங்க?"

அடுக்களை தனிக் கட்டடம். நெருப்புப் பயம், சூடு, வாசனை எல்லாவற்றுக்காகவும் மாளிகையிலிருந்து ஒதுக்கிக் கட்டி, தூண்கள் வைத்த கூரைநடையால் இணைத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது கதவு சாத்தியாகிவிட்டது. அடிமைகளின் குடியிருப்பு, இடுகாடு எதையும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அப்பாவுக்கு விமானம். மறுபடி அவர் வரவில்லை.

அவர் எதைத் தவறவிட்டார் என்பது எனக்கே பிறகு படித்துத்தான் தெரிந்தது. அந்த அடுக்களையில் வேலை பார்த்தவர் ஹெர்குலிஸ் போஸி, வாஷிங்டனின் அடிமை. வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்தபோது அவரை அன்றைய தலைநகரான ஃபிலடெல்ஃபியாவுக்குக் கூட்டிப்போனார். வெளி மாநிலத்துக்காரர் கொண்டுவரும் அடிமை, அந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியாவில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தால் விடுதலை கேட்கலாம் என்று அங்கே சட்டம். அதனால் ஆறு மாதம் ஆவதற்குள் அடிமைகளை எல்லை தாண்டி அனுப்பி, மறுபடி கூட்டி வருவார்கள். கடைசிக் குளிர்காலத்தில் ஹெர்குலிஸை மவுண்ட் வெர்னனிலேயே விட்டுவிட்டார்கள். ஜனாதிபதி வீட்டில் கரண்டி பிடித்த கைக்குச் செங்கல் மண் தோண்டும் வேலை. 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65-வது பிறந்தநாள். அன்று ஹெர்குலிஸ் தப்பிப் போனார். அவருடைய சின்ன மகளிடம், அப்பாவை இனிப் பார்க்க முடியாதே, வருத்தமில்லையா என்று ஒரு விருந்தாளியின் வேலைக்காரர் கேட்டிருக்கிறார். சந்தோஷம்தான், அப்பா இப்போது சுதந்திரமாக இருக்கிறாரே என்றாளாம் அந்தப் பெண்.

இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பிறந்தநாள்னு சொல்றியே, அன்னிக்கு விருந்துக்கு யாரு சமைச்சா?" என்றார். அவரை அந்த அடுப்பின் முன்னால் நிறுத்தியிருந்தால் இன்னும் என்னென்ன கேட்டிருப்பாரோ.

ஆகவே காலையிலேயே போங்கள். முதலில் அடுக்களை, துணி வெளுக்கும் இடம், குதிரை லாயம். அப்புறம் கண்ணாடிச் செடிவீட்டை ஒட்டிய அடிமைக் குடியிருப்பு (1835-ல் எரிந்து, 1951-ல் திரும்பக் கட்டியது). பிறகு கல்லறைப் பக்கம். கடைசியில் மாளிகை. 1799-ல் அந்த எஸ்டேட்டில் 317 அடிமைகள் இருந்தார்கள். கிட்டத்தட்ட 8,000 ஏக்கரில் ஐந்து பண்ணைகள். நாம் சுற்றுவது அதில் ஒன்றை மட்டும்தான். மற்ற வீடுகளிலும் இதே வரிசையில் பாருங்கள். மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சனின் வீடான மான்டிசெல்லோவில் அடுக்களை மேடைக்குக் கீழே, பக்கவாட்டில் ஒளிந்திருக்கிறது. படியிறங்கினால்தான் கண்ணில் படும்.

தேசியப் பூங்கா பாஸை நீட்டுவது

மவுண்ட் வெர்னனில் செல்லாது. அது அரசாங்க இடமில்லை. 1858-ல் ஒரு பெண்கள் சங்கம் 2 லட்சம் டாலருக்குப் பேசி வாங்கியது. இன்றும் அவர்களுடையதுதான்.

கண்ணில் பட்டதெல்லாம் 1776 (அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த வருடம்) என்று நம்புவது

மவுண்ட் வெர்னனின் 'கல்' சுவர் மரப்பலகை. ஈரப் பெயின்ட்டில் மணல் தூவிக் கல்லாக்கியிருக்கிறார்கள். இதாவது வாஷிங்டனே செய்த தில்லுமுல்லு. பாஸ்டனில், பிரிட்டிஷ் படை வருவதைக் குதிரையில் போய் எச்சரித்த பால் ரெவியர் வீட்டின் கதை வேறு. 1680 வாக்கில் கட்டிய வீடு அது. ரெவியர் குடியிருந்தபோது தெருப்பக்கம் மூன்றாவது மாடி இருந்தது. 1907-08-ல் புதுப்பித்தவர்கள் வீட்டை ஆதிகால உருவத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அதை எடுத்துவிட்டார்கள். ரெவியரே வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்.

வர்ஜீனியாவின் யார்க்டவுனில், சுதந்திர அறிவிப்பில் கையெழுத்திட்ட நெல்சனின் வீட்டுச் சுவரில் பீரங்கிக் குண்டுகள் பதிந்திருக்கும். புரட்சிப் போரின் 1781 முற்றுகையில் வீடு அடிபட்டது உண்மை. ஆனால் அந்தக் குண்டுகள் 20-ம் நூற்றாண்டில் பொருத்தியவை. தெரியாமல் அதன் கீழே நின்று ஒரு பேருரையே ஆற்றியிருக்கிறேன். (அந்த முற்றுகையில் தோற்ற பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் பிறகு கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து திப்புவின் பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்தவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்கிறார்.) எது அசல், எது பிற்காலத்து வேலை என்று கைடிடம் நேராகக் கேளுங்கள். நல்ல கைடுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

"இது அவரே உட்கார்ந்த நாற்காலியா?"

ஒருமுறை கேட்கலாம். ஒவ்வொரு அறையிலும் வேண்டாம்.

ஒரே நாளில் மூன்று வீடு

செய்திருக்கிறேன். மூன்றாவது வீட்டில் ஞாபகம் இருப்பது கார் நிறுத்திய இடம் மட்டும்தான்.