மாதிரி விமானத்தில் சுவிட்சைக் கண்ணில் படாமல் அமைப்பது எப்படி?

ஸ்பிட்ஃபயர் போன்ற ஒரு போர் விமானத்தை அளவு பிசகாமல் செய்து, ரிவெட் தலைகளைப் பசைத்துளிகளால் ஒவ்வொன்றாக எழுப்பி, வண்ணமும் பூசி முடித்த பிறகு, அதன் பக்கச் சுவரில் கறுப்புப் பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்றைத் திருகி வைக்க யாருக்கும் மனம் வராது. அதை மறைத்து வைக்கப் பல வழிகள் உள்ளன. ஆனால் ரிமோட்டின் ரேடியோ சைகையை வாங்கும் ரிசீவருக்கும், சுக்கான் முதலியவற்றை அசைக்கும் சிறு மோட்டார்களான சர்வோக்களுக்கும் செல்லும் மின்சாரம் முழுவதும் அந்தச் சிறிய பொருளின் வழியாகவே போகிறது. பறக்கும்போது அது ஒரு நொடி துண்டித்தாலும் விமானம் கைவிட்டுப் போய்விடும். ஆகவே, மறைப்பதற்காக நம்பகத்தன்மையில் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் முதன்முதலில் மறைத்து வைத்த சுவிட்ச் இறக்கைக்கு அடியில் இருந்தது. வெளியே எதுவுமே தெரியவில்லை என்று மகிழ்ந்திருந்தேன். ஒருநாள் தரையிறங்கும்போது விமானம் குப்புறக் கவிழ்ந்தது. சுக்கானை இயக்கும் சர்வோ சிக்கிக்கொண்டு இடைவிடாமல் முனகியது. அதை நிறுத்த வேண்டுமானால் இறக்கையைப் பிடித்திருந்த இரண்டு நைலான் திருகுகளையும் கழற்றியாக வேண்டும். நான் கழற்றி முடிப்பதற்குள் சர்வோ எரிந்த நாற்றம் வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் விதி இதுதான்: எந்தக் கருவியும் இல்லாமல், விமானம் எப்படிக் கிடந்தாலும், விரல் நேரே சென்று அணைக்கக்கூடிய இடத்தில்தான் சுவிட்ச் இருக்க வேண்டும். உடன் நிற்பவருக்கும் அந்த இடத்தைக் காட்டி வைப்பது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அசல் விமானத்தில் ஏற்கெனவே இருக்கும் திறப்புகளைப் பாருங்கள். விமானி அறையின் நகரும் கண்ணாடி மூடி, எரிபொருள் நிரப்பும் சிறு கதவு, சக்கரம் மடங்கி அமரும் குழி, குளிர்காற்று நுழையும் வாய் ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. சார்ஜ் செய்யும் சாக்கெட்டையும் அங்கேயே வைத்துவிடலாம். எரிபொருள் எஞ்சின் உள்ள விமானமானால், புகைபோக்கி இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, எதிர்ப்பக்கத்தையே தேர்ந்தெடுங்கள். புகையோடு வெளியேறும் எண்ணெய் மெல்லிய படலமாகச் சுவிட்சுக்குள் இறங்கி, அதில் தூசி ஒட்டி, உள்ளே உள்ள தொடுமுனைகளைக் கெடுத்துவிடும். வெளியே துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாலும் உள்ளே நடப்பது தெரியாது.

மிக எளிமையானதும், நான் இன்றும் முதலில் பரிந்துரைப்பதும், கம்பி வழியாக இயக்கும் முறையே. வழக்கமான ஸ்லைடு சுவிட்சை உடலின் பக்கச் சுவரில் பொருத்தாமல், உள்ளே 2 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் துண்டில் திருகி, அந்தத் துண்டை உடலின் குறுக்குச் சட்டத்தோடு ஒட்டிவிட வேண்டும். சுவிட்சின் குமிழில் 1.2 மி.மீ. துளையிட்டு, அதே தடிமனுள்ள பியானோ கம்பியின் (விறைப்பான எஃகுக் கம்பி) முனையை இசட் வடிவில் வளைத்து அதில் மாட்டுங்கள். துளையிடும்போது இயந்திரத் துரப்பணத்தைப் பயன்படுத்தாமல், துளைக்கும் ஊசியை விரல்களுக்கிடையே உருட்டியே துளையிடுவது உத்தமம். வேகமாகச் சுழன்றால் குமிழ் சூட்டில் இளகிக் கோணலாகும், உதிரும் பிளாஸ்டிக் துகள் உள்ளேயும் விழும். கம்பி ஒரு நைலான் குழாய்க்குள் ஓடி, பக்கச் சுவரில் ஒரு சிறு துளை வழியே வெளிவரட்டும். அதன் முனையை ரிவெட் தலை போலவோ, சிறு ஆன்டெனா போலவோ வண்ணம் பூசிவிட்டால் இரண்டடி தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார்.

இதில் திசை முக்கியமானது. கம்பி உள்ளே தள்ளப்பட்டிருக்கும்போது மின்சாரம் ஓட வேண்டும். வெளியே இழுத்தால் அணைய வேண்டும். மாறாக அமைத்தால், பறக்கத் தயாராக உள்ள விமானத்தின் பக்கத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், தூக்கிப் பிடிக்கும் கையே அதை அழுத்தி அணைத்துவிடக்கூடும். அதேபோல், சுவிட்சின் குமிழ் விமானத்தின் நீளவாக்கில் நகராமல் குறுக்குவாக்கில் நகரும்படி வையுங்கள். அப்போதுதான் முரட்டுத்தனமாகத் தரையிறங்கும் அதிர்ச்சி அதை நகர்த்தாது. சுவிட்சிலிருந்து வரும் ஒயர்களை இரண்டு செ.மீ. தள்ளி ஓர் இடத்தில் கட்டிவிட்டால், எஞ்சின் அதிர்வு, ஒயரைச் சாலிடரால் பற்றவைத்த இடத்தைப் பாதிக்காது.

துளையே வேண்டாம் என்பவர்களுக்குக் காந்தத்தால் இயக்கும் முறை உண்டு. ரீட் சுவிட்ச் என்பது ஒரு சிறு கண்ணாடிக் குழாய்க்குள் அடைக்கப்பட்ட இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகே வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். அது சர்வோக்களின் மின்னோட்டத்தைத் தாங்காது. எனவே அதை நேரடியாக மின்வழியில் வைக்காமல், மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்த மட்டும் பயன்படுத்த வேண்டும். பேட்டரியின் நேர்முனையை மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் என்னும் காலிலும், ரிசீவரின் நேர்முனையை டிரெயின் என்னும் காலிலும் இணையுங்கள். கேட் என்னும் கட்டுப்பாட்டுக் காலிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கு 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றும், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே ரீட் சுவிட்சும் வர வேண்டும். காந்தம் அருகில் இருக்கும்வரை மாஸ்ஃபெட் அணைந்திருக்கும். எடுத்ததும் மின்சாரம் ஓடும். ரீட் சுவிட்சின் ஒயர் நடுவானில் அறுந்துபோனாலும் மின்சாரம் நிற்காது என்பதே இந்த அமைப்பின் சிறப்பு.

மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் பேட்டரி சுமையில் இறங்கக்கூடிய மிகக் குறைந்த வோல்ட்டிலும் அது முழுமையாகக் கடத்துமா என்பதையும், கேட் தாங்கும் உச்ச அளவு பேட்டரியின் முழுச் சார்ஜ் வோல்ட்டைவிட அதிகமாக உள்ளதா என்பதையும் பாருங்கள். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுச் சார்ஜில் 8.4 வோல்ட் இருக்கும். அணைந்த நிலையிலும் மின்தடை வழியே சிறு கசிவு உண்டு. 6 வோல்ட் பேட்டரியில் அது 60 மைக்ரோ ஆம்பியர், அதாவது மாதத்துக்குச் சுமார் 43 மில்லி ஆம்பியர் மணி. வாரக் கணக்கில் பறக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு பகை உண்டு. அது விமானத்துக்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடி மூடியைப் பிடித்து வைக்கும் நியோடிமியம் காந்தங்களும், உள்ளே காந்தங்கள் கொண்ட பிரஷ்லெஸ் மோட்டாரும் ரீட் சுவிட்சுக்கு அருகில் இருந்தால் அவையே அதை இயக்கிவிடும். ஒட்டுவதற்கு முன், எல்லா மூடிகளையும் திறந்து மூடி, மோட்டாரையும் கையால் சுழற்றி, எந்த நிலையிலும் அணையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சந்தேகம் சிறிதளவு இருந்தாலும் கம்பி முறைக்கே திரும்புங்கள்.

மின் மோட்டாரில் ஓடும் விமானங்களில், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யோடு வரும் சிறு சுவிட்ச் பெரும்பாலும் ரிசீவருக்குச் செல்லும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும். மோட்டாரின் பேட்டரி இணைந்தே இருக்கும். அதை நம்பி புரொப்பெல்லருக்கு அருகே கையைக் கொண்டுபோகக் கூடாது. முதன்மை நேர்முனை ஒயரைத் துண்டித்து, வெளியிலிருந்து சொருகி எடுக்கும் கனெக்டர் ஒன்றைக் காற்று வாயிலுக்குள் வைப்பதே பாதுகாப்பானது.

எந்த முறையாக இருந்தாலும் அளந்து பார்க்காமல் பறக்க விடாதீர்கள். மல்ட்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, அதன் இரு முனைகளையும் சுவிட்சின் உள்வழியிலும் வெளிவழியிலும் தொட்டுக்கொண்டு, நண்பர் ஒருவரை ரிமோட்டின் எல்லாக் குச்சிகளையும் ஒருசேர ஆட்டச் சொல்லுங்கள். தொடுமுனையில் 50 மில்லி ஓம் தடை இருந்தாலே 4 ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் இழப்பாகும். என் விமானங்களில் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் சுவிட்சை நான் வைத்திருப்பதில்லை. அளவு நிலையாக நிற்காமல் துள்ளினால், எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதுவும் மாற்ற வேண்டிய சுவிட்சே. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சைப் பொருத்திய பிளைவுட்டைச் சுற்றி விரலால் தட்டியபடி அதே அளவை மீண்டும் எடுங்கள். இதைப் பறக்கும் பருவம் தொடங்கும்போதெல்லாம் ஒருமுறை செய்துவிடுங்கள்.