நியூயார்க் மாநிலத்தின் அதிகம் பேசப்படாத பொது கோல்ஃப் மைதானங்கள்: வரைந்தவரைத் தெரிந்துகொண்டு சுற்றுவது எப்படி

நியூயார்க் மாநிலத்தில் புதிதாக கோல்ஃப் ஆடத் தொடங்கியவரிடம் எங்கே ஆட ஆசை என்று கேட்டால், பெரும்பாலும் பெத்பேஜ் பிளாக் என்றுதான் சொல்வார். லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ் மாநிலப் பூங்காவின் மைதானங்களில் ஒன்று அது. 2002லும் 2009லும் யு.எஸ். ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி அங்கே நடந்தது. ஆனால் அதன் முதல் டீ (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கைப் பலகை இருக்கிறது: இது மிகக் கடினமான மைதானம், நன்கு தேர்ந்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம் என்று. அந்தப் பலகையை அப்படியே நம்புங்கள். பிளாக்குக்கு அவசரமில்லை.

இதே மாநிலத்தில், பெரிய வடிவமைப்பாளர்கள் வரைந்த, யார் வேண்டுமானாலும் காசு கட்டி ஆடக்கூடிய மைதானங்கள் சத்தமில்லாமல் இருக்கின்றன. அவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது, போய் நின்றால் எதைப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். பந்தை ஓரளவு நேராக அடிக்கத் தெரிந்து, நாலைந்து முறை 18 குழி ஆடியிருந்தால் போதும்.

படி 1: எது பொது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று வகை உண்டு. மாநிலப் பூங்காத் துறை நடத்துபவை, நகரமோ கவுன்டியோ நடத்துபவை, தனியார் நடத்தினாலும் அன்றாடக் கட்டணத்துக்கு எல்லோரையும் அனுமதிப்பவை. உறுப்பினர் மட்டுமே ஆடும் கிளப்புகளைப் பட்டியலிலிருந்து இப்போதே எடுத்துவிடுங்கள்.

அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் மைதானமே இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. பிராங்ஸ் பகுதியின் வான் கோர்ட்லாண்ட் பூங்காவில் 1895ல் 9 குழிகளுடன் திறந்தார்கள். 1899ல் டாம் பெண்டலோ அதை 18 குழிகளாக்கினார். 1ஆம் எண் சப்வே ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விடலாம். கார் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் இதுதான்.

படி 2: ஊரை விட்டுவிட்டு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலானோர் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுகிறார்கள். நீங்கள் வரைந்தவர் பெயரை வைத்துத் தேடுங்கள். முதல் பயணத்துக்கு மூன்று பேர் போதும்.

முதலாமவர் டெவெரோ எம்மெட். நியூயார்க்காரர். கூப்பர்ஸ்டவுனில் ஒட்சேகோ ஏரிக்கரையில் 1909ல் அவர் வரைந்த லெதர்ஸ்டாக்கிங் இன்று ஒரு விடுதியோடு சேர்ந்தது, ஆனால் வெளியாட்களும் ஆடலாம். கட்டணம் அடுத்துச் சொல்லும் இரண்டு மைதானங்களையும்விடக் கூடுதல்.

இரண்டாமவர் டொனால்ட் ராஸ். ஸ்காட்லாந்தின் டோர்னாக்கில் பிறந்து, 1899ல் அமெரிக்கா வந்து, சுமார் 400 மைதானங்களுக்குப் பெயர் கொடுத்தவர். எல்மைரா நகரத்துக்குச் சொந்தமான மார்க் ட்வைன் மைதானம் 1937ஐச் சேர்ந்தது, அவருடைய கடைசிக் கால வேலைகளில் ஒன்று. எழுத்தாளர் மார்க் ட்வைன் பல கோடைக்காலங்களைக் கழித்ததும், அடக்கம் செய்யப்பட்டதும் எல்மைராவில்தான். பெயர் அங்கிருந்து வந்தது.

மூன்றாமவர் ராபர்ட் ட்ரெண்ட் ஜோன்ஸ். இங்கிலாந்தில் பிறந்து ராச்செஸ்டர் பக்கம் வளர்ந்தவர். கோல்ஃப் மைதானம் வரைய என்றே கார்னெல் பல்கலைக்கழகத்தில் நில வடிவமைப்பு, மண், நீர், அளவை எனப் பாடங்களைத் தானே சேர்த்துக்கொண்டு படித்தார். சிரக்யூஸுக்குக் கிழக்கே ஃபேயட்வில்லில் உள்ள கிரீன் லேக்ஸ் மாநிலப் பூங்கா மைதானம் 1930களில் அவர் செய்த ஆரம்பகால வேலை. பொருளாதார மந்தக் காலம், அரசிடம் காசு இல்லை. கூலிக்குப் பதிலாக அந்த மைதானத்தை நடத்திக்கொள்ளும் குத்தகை அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் உலகம் முழுக்க மைதானம் போட்டவர் இப்படித்தான் தொடங்கினார் என்பதை நினைத்துக்கொண்டு அந்த முதல் டீயில் நிற்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாக இருக்கிறது.

மூன்று ஊர்களும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சுமார் இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். எல்மைரா, ஃபேயட்வில், கூப்பர்ஸ்டவுன் என்று வரிசை வைத்தால் ஒரு நீண்ட வார இறுதியில் முடித்துவிடலாம்.

படி 3: பெயர் உண்மையா என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்கோர் கார்டில் பெரிய பெயர் அச்சாகியிருந்தால் எல்லாக் குழியும் அவர் கைவேலை என்று ஆகாது. ராஸ் பெயரில் உள்ள பல மைதானங்களுக்கு அவர் அடிக்கடி போனதே கிடையாது. வரைபடத்தை வைத்துத் தாளில் வரைந்து, கட்டும் வேலையை உதவியாளர்களிடம் விட்டிருக்கிறார். பெத்பேஜ் பிளாக்கே டில்லிங்ஹாஸ்ட் என்ற பிரபல வடிவமைப்பாளர் வரைந்ததா, அங்கே கண்காணிப்பாளராக இருந்த ஜோசப் பர்பெக் வரைந்ததா என்று இன்னும் விவாதம் ஓடுகிறது.

அதனால் ஒவ்வொரு மைதானத்துக்கும் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். யார் வரைந்தார்? யார் கட்டினார்? பிறகு யார் மாற்றினார்? மாநிலத்தின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். திறந்த ஆண்டையும் ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடினால், பல சமயம் திறப்பு விழாச் செய்தியே கிடைக்கும். ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு ஒரு போன் போட்டாலும் பலன் உண்டு. நான் கேட்ட இடங்களில் அந்த நூலகர்கள் அலுத்துக்கொண்டதே இல்லை.

படி 4: போவதற்கு முன் நிலத்தைப் படியுங்கள்

அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இணையத்தில் இலவசம். அவற்றில் பழுப்பு நிறக் கோடுகள் உயரத்தைக் காட்டும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு அதிகம், விலகியிருந்தால் சமதளம். மைதானம் வருவதற்கு முந்தைய ஆண்டு வரைபடத்தைத் திறந்து, இன்றைய வான்படத்தை அருகில் வைத்துப் பாருங்கள். டீயும் கிரீனும் (குழி இருக்கும் மழித்த புல்தரை) மேட்டில், நடுவில் ஃபேர்வே (இரண்டுக்கும் இடைப்பட்ட புல்வெளி) பள்ளத்தில் என்று அமைந்திருந்தால், வரைந்தவர் மண்ணைக் கொட்டாமல் இருந்த மேட்டையே பயன்படுத்தியிருக்கிறார். ராஸ் மைதானங்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

ஸ்கோர் கார்டில் ஸ்லோப் என்ற எண்ணையும் பாருங்கள். தேர்ந்தவரோடு ஒப்பிட்டால் சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் கடினம் என்று அது காட்டும். 113 என்பது நடுத்தரம், 155 உச்சம். தொடக்கக்காரர்கள் 120ஐத் தாண்டாத டீயிலிருந்து ஆடினால் சுற்றிப் பார்க்கக் கொஞ்சம் மூச்சு மிஞ்சும்.

படி 5: பதிவு

மாநிலப் பூங்கா மைதானங்களுக்கு ஆன்லைனிலேயே டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) எடுக்கலாம். பெத்பேஜ் பிளாக்கில் மாநிலத்தில் வசிப்பவர்களுக்குக் கட்டணம் குறைவு, முன்பதிவும் அவர்களுக்கு முதலில் திறக்கும். தனியாகப் போனால் வேறு மூவரோடு சேர்த்துவிடுவார்கள், கூச்சப்படாதீர்கள்.

ஒன்றை மட்டும் போனில் கேளுங்கள்: கிரீனில் துளையிட்டு மணல் தூவும் வேலை எப்போது? நான் ஒருமுறை கேட்காமல் நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். முந்தின நாள்தான் துளை போட்டிருந்தார்கள். பந்து ஒவ்வொரு துளையிலும் தத்தித் தத்தி ஓடியது. கிரீனின் வளைவைப் பார்க்கப் போனவனுக்கு மணல்தான் கண்ணில் பட்டது.

படி 6: மைதானத்தில் என்ன பார்ப்பது

முடிந்தால் நடந்து ஆடுங்கள். வண்டிப் பாதை ஓரமாகவே போகும், நிலத்தின் ஏற்ற இறக்கம் காலுக்குத் தெரியாது.

ஒவ்வொரு குழியையும் முடித்ததும், பின்னால் வரும் குழுவுக்கு இடைஞ்சல் இல்லாமல், கிரீனின் பின்பக்கம் போய் டீயை நோக்கித் திரும்பி நில்லுங்கள். பத்து விநாடி போதும். ஃபேர்வேயில் நின்றபோது கிரீனை ஒட்டி இருப்பதுபோல் தெரிந்த பங்கர் (மணல் பள்ளம்), இங்கிருந்து பார்த்தால் இருபது கஜம் முன்னாலேயே கிடக்கும். நடுவில் ஒரு சின்னப் பள்ளம், டீ பக்கமிருந்து கண்ணுக்கே படாது. அதனால்தான் உங்கள் பந்து குறைவாக விழுந்தது. அந்த இடத்தில் வரைந்தவர் உங்களோடு பேசுகிறார். இந்த ஒரு பழக்கம் எனக்குக் கற்றுக்கொடுத்த அளவு எந்தப் பாடமும் கற்றுக்கொடுக்கவில்லை.

எல்மைராவில் கிரீன்களின் முன்விளிம்பைப் பாருங்கள். எட்டிவிட்டது என்று நினைத்த பந்து திரும்பி உருண்டு வருகிறதா என்று கவனியுங்கள். ராஸ் என்றாலே கவிழ்த்த கிண்ணம் போன்ற கிரீன் என்று பலர் சொல்வார்கள். அது ராஸின் புகழ்பெற்ற மைதானமான பைன்ஹர்ஸ்ட்டை வைத்துப் பரவிய பேச்சு. அங்கேயும் பல ஆண்டுகள் தூவிய மணலால் உயரம் கூடியது உண்டு. கேட்டதை மறந்துவிட்டுக் கண்ணால் பாருங்கள்.

கிரீன் லேக்ஸில், ஜோன்ஸ் பிற்காலத்தில் சொன்ன கொள்கையை மனதில் வையுங்கள்: ஒவ்வொரு குழியிலும் பார் (அந்தக் குழிக்கு வகுத்த அடிகளின் எண்ணிக்கை) எடுப்பது கடினமாக இருக்க வேண்டும், போகி (அதைவிட ஓர் அடி கூடுதல்) எடுப்பது சுலபமாக இருக்க வேண்டும். பங்கரைச் சுற்றிப் போக வழி எங்கே விட்டிருக்கிறார் என்று தேடுங்கள். ஆட்டம் முடிந்ததும் கீழே ஏரிக்கு இறங்குங்கள். மேல்நீரும் அடிநீரும் எந்தப் பருவத்திலும் முழுதாகக் கலக்காத அபூர்வமான ஏரி அது. அந்தப் பச்சை கலந்த நீலம் படத்தில் சரியாக விழாது.

லெதர்ஸ்டாக்கிங்கின் 18ஆம் குழிக்குப் புதுப் பந்து ஒன்றை ஒதுக்கி வையுங்கள். டீ, ஏரிக்குள் செயற்கையாக எழுப்பிய திட்டில் இருக்கிறது. தண்ணீரைத் தாண்டிக் கரைக்கு அடிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீரைத் தாண்டத் துணிகிறீர்களோ அந்த அளவுக்கு மீதித் தூரம் குறையும். புதியவர்கள் பக்கத்துக் கரையைக் குறிவையுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

படி 7: அன்றிரவே எழுதிவிடுங்கள்

ஸ்கோர் கார்டின் பின்பக்கம் போதும். எந்தக் குழி நினைவில் நின்றது, பந்து எங்கே எதிர்பாராமல் உருண்டது, எந்த பங்கர் ஏமாற்றியது. மூன்று மைதானத்தையும் முடித்துக் கார்டுகளை அருகருகே வைத்தால், யாருடைய கை உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

எம்மெட் பிடித்திருந்தால் அடுத்து பெத்பேஜ் கிரீன். அது 1923ல் அவர் போட்ட லெனாக்ஸ் ஹில்ஸ் என்ற பழைய கிளப்பிலிருந்து வந்தது, பிறகு டில்லிங்ஹாஸ்ட் கைவைத்தார். ஜோன்ஸ் பிடித்திருந்தால் ஹட்சன் பள்ளத்தாக்கில் ஜேம்ஸ் பெயர்ட் பூங்கா, அல்லது லாங் ஐலண்டின் முனையில் காற்று விடாமல் அடிக்கும் மான்டாக் டவுன்ஸ். ராஸ் பிடித்திருந்தால் வடக்கே லேக் பிளாசிட் போங்கள். அங்கே ராஸைப் போலவே ஸ்காட்லாந்துக்காரரான சீமோர் டன் வரைந்த மைதானத்துக்கு, 1941ல் மாஸ்டர்ஸும் யு.எஸ். ஓபனும் ஒரே ஆண்டில் வென்ற உள்ளூர்க்காரர் கிரெய்க் வுட்டின் பெயர் வைத்திருக்கிறார்கள். மலைப்பகுதி என்பதால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போய்விடுங்கள்.