ரிசார்ட்டில் கல்யாணம், தண்டையார்பேட்டையில் முதல் நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாமல்லபுரத்திலோ புதுச்சேரியிலோ கடலோரமாக ஒரு ரிசார்ட்டைப் பிடித்து 'டெஸ்டினேஷன் வெட்டிங்' நடத்துவது இப்போது வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைக் குடும்பங்களுக்கும் புதிதில்லை. மெஹந்திக்கு ஒரு நேரம், ஹல்திக்கு ஒரு நேரம், முகூர்த்தத்துக்கு ஒரு நேரம் என்று எல்லாம் அட்டவணையில் இருக்கும். செக்-அவுட்டுக்கு அப்புறம் அதில் ஒரு வரிகூட இருக்காது. ரிசார்ட்டுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தெருவுக்கும், பயணம் செய்ய முடியாத பெரியவர்களுக்கும், பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் வந்து இறங்குகிற அன்றுதான் கல்யாணம். அந்த நாளுக்குத் திட்டம் போடாமல் விடுவதில்தான் குளறுபடி ஆரம்பிக்கிறது.

கிளம்புகிற நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை முகூர்த்தம், சாப்பாடு, போட்டோ எல்லாம் முடிந்து இரண்டு மணிக்கு மாமல்லபுரத்தை விட்டால், தண்டையார்பேட்டை வரும்போது ஐந்தை நெருங்கிவிடும். ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 வரை. ஆரத்தித் தட்டோடு நிற்கும் அத்தை, "கொஞ்சம் இருங்க, ஆறு தாண்டட்டும்" என்பார். கனமான பட்டுப்புடவையில் பெண் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள், தெருப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்கள். சரி, திங்கள் காலை வரலாம் என்றால் 7.30 முதல் 9 வரை ராகு காலம், 10.30 முதல் 12 வரை எமகண்டம். நடுவில் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஒரு ஆயா இருந்தால் அவருக்கு இருக்கும், அன்றைக்கு அவர் பேச்சுதான் எடுபடும். அதனால் வாசலில் கால் வைக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். ஞாயிறு சாயங்காலம் ஈ.சி.ஆரில் ஊரே திரும்பிக்கொண்டிருக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நகரத்தைத் தாண்டியதும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டி.எச். ரோட்டு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) நெரிசல் இருக்கிறது, துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் இருக்கின்றன. கொருக்குப்பேட்டை வழியாக வந்தால் ரயில்வே கேட் போட்டிருக்கவும் கூடும்.

நேராக வீட்டு வாசலுக்கு வருவதும் நல்ல யோசனை இல்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சித்தி வீடோ நண்பர் வீடோ இருந்தால் அங்கே அரை மணி நேரம் இறங்குங்கள். முகம் கழுவி, எதையாவது சாப்பிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு வரலாம். ஆரத்தி, விளக்கேற்றுவது, பாலும் பழமும், பெரியவர்கள் காலில் விழுவது எல்லாம் முடிய நேரமாகும். அதுவரை பசியோடு சிரித்துக்கொண்டே நிற்பது யாருக்கும் முடியாது. வரும்போது ஒரே ஒரு சின்ன காரில் வாருங்கள். டெம்போ டிராவலர் நம் சந்துகளில் திரும்பாது. சூட்கேஸ்கள் அப்புறம் வரட்டும்.

சூட்கேஸ் என்றதும் நகை. மண்டபக் கல்யாணத்தில் நகை அன்று இரவே பீரோவுக்குப் போய்விடும். ரிசார்ட்டில் அது மூன்று அறைகள், நான்கு பைகள், அறை லாக்கர் என்று சிதறிக் கிடக்கும். "நான் எடுத்தேன்னு நினைச்சேன்" என்று இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது ஊருக்குத் திரும்பிய பிறகுதான். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று பொறுப்பை ஒப்படையுங்கள். அறையிலேயே எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். வாடகை செட்டும் சொந்த நகையும் ஒரே டப்பாவில் போகக் கூடாது. மொய்க்கும் இதே கதைதான். பாதிப் பேர் கவரில் கொடுப்பார்கள், பாதிப் பேர் ஜிபேயில் போடுவார்கள். இரண்டையும் ஒரே நோட்டில் எழுதாவிட்டால், நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்யும்போது தலையைச் சொறிய வேண்டியதுதான். ஆனால் அந்தக் கவர்களை முதல் நாள் இரவே நடுக்கூடத்தில் வைத்துப் பிரிக்காதீர்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்ற பேச்சு, புதுப் பெண்ணின் சொந்தக்காரர்களைப் பற்றி அவள் காது கேட்கும் பேச்சாகவும் இருக்கும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வீடு. ரிசார்ட்டில் பெண்ணுக்கு ஒரு தனி அறை, கடல் பார்த்த பால்கனி, சுடுதண்ணீர். மறுநாள் ஒரு படுக்கையறை, ஒரு பாத்ரூம், ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஊர்ச் சொந்தங்கள். வீடு சின்னதாக இருப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை, இங்கே பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். யாரும் முன்யோசனை செய்யாமல் இருப்பதுதான் குற்றம். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே மாப்பிள்ளை பார்க்க வேண்டிய வேலை சிலது உண்டு. அறைக் கதவின் தாழ்ப்பாள் விழுகிறதா, பாத்ரூம் கதவு சாத்துகிறதா, பீரோவில் அவளுக்கென்று ஒரு தட்டு காலியாக இருக்கிறதா, குடங்களிலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்தாகிவிட்டதா, வெளியூர் உறவினர்கள் இரண்டு இரவுகளுக்கு எங்கே படுப்பார்கள். மேடை அலங்காரத்துக்குச் செலவழித்ததில் ஒரு துளியை எடுத்து அவர்களுக்கு லாட்ஜில் இரண்டு அறை போட்டிருந்தால், அந்த வீட்டில் எல்லோருமே நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்கக்கூட அவள் கூச்சப்படுவாள். நாத்தனாரோ அண்ணியோ வந்தவுடன் தானாகக் காட்டிவிட வேண்டும்.

முதலிரவைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு பேரும் நாள்கணக்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள், தூங்கவிடுங்கள். சாந்தி முகூர்த்தத்துக்கு வேறு நாள் குறித்துக்கொள்ளலாம். காலையில் கதவைத் தட்டிக் கிண்டல் செய்யும் மாமாக்களை அடக்கி வைப்பது மாமியாரின் வேலை.

அடுத்தது அக்கம்பக்கம். எதிர்வீட்டு அக்கா பத்து வருடம் உங்களுக்குக் காய்ச்சலின்போது கஞ்சி கொடுத்திருப்பார். ரிசார்ட்டில் ஆள் கணக்கு பார்த்ததில் அவர் பெயர் விடுபட்டிருக்கும். அப்படிப்பட்டவரிடம் போனை நீட்டி, டிரோனில் எடுத்த வீடியோவைக் காட்டுவதைவிடப் பெரிய தப்பு வேறு இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார். மஞ்சள், குங்குமம், பூ, பழம், ஸ்வீட் வைத்த தட்டோடு, ஜோடியாக அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள். படியேற முடியாத தாத்தா, பாட்டிகள் இருக்கும் வீடுகளுக்கும் அன்றே போங்கள். அம்மா மட்டும் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தால் கணக்கில் சேராது. ஊரில் ஒரு ரிசப்ஷன் வைக்கப் போகிறீர்கள் என்றால் அதன் தேதியையும் அப்போதே சொல்லிவிடுங்கள், பாதிக் கோபம் அங்கேயே தணியும்.

கோயில் விஷயத்தில் ஆசைதான் எதிரி. திருவொற்றியூர் போகாமல் வடசென்னையில் எந்த ஜோடியின் முதல் நாளும் முடியாது, நல்லதுதான். ஆனால் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று ஒரு பெரியம்மா கிளம்புவார். அது வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வரும் நாளுக்கான வேண்டுதல், களைத்துப்போன ஜோடிக்கானது இல்லை. வடிவுடையம்மன் ஒன்று போதும். உச்சிவேளைக்கு மேல் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கார் நிறுத்த இடம் தேடுவதைவிட, 2021 முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது, திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் பக்கம்தான். தான் மணக்கவிருந்த சங்கிலியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த மகிழ மரம் அங்கேதான் இருக்கிறது. கருவறையில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரம் நீ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடம் ஏற்பாடு செய்தாராம் சுந்தரர். சிவனோ, மரத்தடியில் சத்தியம் கேள் என்று சங்கிலியார் பக்கம் சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போயிற்று. புது மாப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாராவது கோயிலிலேயே சொல்லிவிடுவார்கள்.

கோயிலுக்கு முன்பா பின்பா, அன்றைக்குக் கறி மீன் உண்டா என்பதை இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டு பிரியாணிக்கு ஆர்டர் கொடுங்கள். ஒரு வீட்டில் வஞ்சிரம் வறுத்தால்தான் விருந்து, இன்னொரு வீட்டில் மறுவீடு முடியும்வரை சைவம்.

கடைசியாகக் காகித வேலை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாட்களுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் கிடைக்கும். நம் தெருக் கல்யாணமாக இருந்தால் மண்டப ரசீதை நடந்துபோய் வாங்கிவிடலாம். ரிசார்ட் ரசீதுக்காக மறுபடி மாமல்லபுரம் போக யாருக்கும் மனசு வராது. எனவே கிளம்பும் முன்பே ரசீதையும் இரண்டு பத்திரிகைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், தாலி கட்டும் போட்டோவை போட்டோகிராபரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள். புதுச்சேரியிலோ கேரளாவிலோ கல்யாணம் நடந்திருந்தால் நடைமுறை அந்தந்த இடத்தின் விதிப்படி, அங்கேயே விசாரித்துவிட்டுத் திரும்புங்கள். தேனிலவு டிக்கெட்டில் பெண்ணின் பெயரைப் புருஷன் பெயரோடு சேர்த்துப் போடவும் அவசரப்படாதீர்கள். ஆதார், பாஸ்போர்ட்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் விமான நிலையத்தில் செல்லும்.