வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறீர்களா? கரண்டுக்கும் பெட்ரோலுக்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைக்குப் போகிற பாதையில், சில ராத்திரிகளில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருட்டாகவும் அந்தப் பக்கம் பளிச்சென்றும் இருக்கும். மறுவாரமே நிலைமை தலைகீழாக மாறியிருக்கும். பேசுவது அதே தமிழ், வீசுவது அதே பாலக்காட்டுக் காற்று. ஆனால் கம்பி வேறு, வாரியம் வேறு, கரண்டு போவதற்கான காரணமும் வேறு. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. திருத்தணி 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து வந்து சேர்ந்தது. அன்றைக்குப் போட்ட கோடுதான், இன்றைக்கு உங்கள் பாட்டி வீட்டு ஃபேன் நின்றால் யாருக்கு போன் போடவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

2022-இல் யாழ்ப்பாணமோ வவுனியாவோ போய், 13 மணி நேர மின்வெட்டையும் பெட்ரோலுக்குக் கியூ.ஆர். அனுமதியையும் பார்த்தவர்கள் அதே பயத்தோடு இங்கே வரவேண்டாம். அங்கே டாலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பலை இறக்க முடியாத தட்டுப்பாடு. இங்கே பெரும்பாலும் கரண்டு இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் வீடு வந்து சேர்வதில்தான் கோளாறு. ஊர்க்காரர்களின் எரிச்சலும் அதுதான்: போனதுகூடப் பரவாயில்லை, ஏன் போனது, எப்போது வரும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

எந்த வகைக் கரண்டு கட்?

தமிழ்நாட்டுப் பக்கம் (செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி) பகலில் காலை 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோ வந்தால், அது மாதாந்திரப் பராமரிப்பு. முந்தின நாள் நாளிதழிலும் மின்வாரிய இணையதளத்திலும் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைத் துணை மின் நிலையத்தின் பெயரில்தான் போடுவார்கள். உங்கள் கிராமத்தின் பெயர் கடைசி வரியில் ‘மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்’ என்பதற்குள் மறைந்திருக்கும். ஆகவே வந்ததும் லைன்மேனிடம், “அண்ணே, நம்ம வீட்டுக்கு எந்த சப்ஸ்டேஷன்ல இருந்து லைன் வருது? எந்த பீடரு?” என்று கேட்டு இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் (பீடர் என்பது சப்ஸ்டேஷனிலிருந்து உங்கள் பகுதிக்கு வருகிற கம்பித்தடம்). இந்த இரண்டு பெயரும் தெரியாமல் எந்தப் புகாரும் உருப்படியாக நகராது. பராமரிப்பு நாளில் 9 மணிக்குள் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மறப்பது இதைத்தான். கரண்டு இல்லையென்றால் குழாயிலும் தண்ணீர் இல்லை என்பது குளியலறைக்குள் போன பிறகுதான் உறைக்கும்.

கேரளப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிற கரண்டுக்குப் பெரும்பாலும் மரம்தான் காரணம். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, தென்னை மட்டை கம்பியில் விழும். குமுளி, மூணாறு மலைப்பாதைகளில் ஒரு கொம்பு முறிந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஆட்கள் மழையில் நடக்கவேண்டும். சுவிட்சை ஐந்து தடவை தட்டுவதிலோ லைன்மேனைத் திட்டுவதிலோ பயனில்லை. மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸில் உங்கள் மொபைல் எண்ணைப் பதிந்து வைத்தால் மின்தடைத் தகவல் குறுஞ்செய்தியாக வரும்.

மார்ச் முதல் மே வரை ராத்திரியில் நடப்பது வேறு கதை. 2024 மே மாதம் கேரளத்தின் உச்சத் தேவை 5,797 மெகாவாட்டைத் தொட்டது. அப்போது ராத்திரி நேரக் கட்டுப்பாட்டை முதலில் பார்த்தது பாலக்காடுதான். எல்லோர் வீட்டிலும் ஏ.சி. வந்துவிட்டது, தெருமுனை டிரான்ஸ்பார்மர் மட்டும் பழையது. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் 40 வீடுகள் ஆளுக்கொரு ஒன்றரை டன் ஏ.சி. போட்டால் அதுவே கிட்டத்தட்ட 60 கிலோவாட். மற்றதெல்லாம் சேரும்போது பீஸ் போகும், அல்லது வோல்டேஜ் படுத்துவிடும்.

லோயர்கேம்ப் பக்கம் போகிறவர்கள் மலையிலிருந்து இறங்குகிற ராட்சதக் குழாய்களைப் பார்த்துவிட்டு, “கண்ணெதிரே பெரியாறு மின்நிலையம் இருந்தும் இங்கே இருட்டா?” என்பார்கள். அங்கே எடுக்கிற கரண்டு உயர் அழுத்தத்தில் கிரிட்டுக்குப் போய், வேறு சப்ஸ்டேஷன் வழியாகத்தான் தெருவுக்குத் திரும்பி வருகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் கம்பி சரியில்லையென்றால் அணைக்கட்டு பக்கத்தில் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர் பக்கம் கோடையில் போனால் விசைத்தறிச் சத்தம் நிற்பதை வைத்தே கரண்டு போனதைச் சொல்லிவிடலாம். 2022 ஏப்ரலில் அங்கே தொழிற்சாலைகளுக்கு ‘பவர் ஹாலிடே’ (கரண்டு பற்றாக்குறைக்காக விடும் கட்டாய விடுமுறை) அறிவித்தார்கள். தறிக்காரருக்கு கரண்டு போன ஒவ்வொரு மணி நேரமும் கூலியில் கை வைக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதை அங்குள்ளவர்கள் ஒப்பிட்டுப் பேசினால் ஆச்சரியப்படாதீர்கள். விவசாய மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட மணி நேரம்தான் வரும். தோப்பு வீட்டில் தங்குகிறவர்கள் அந்த நேரத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர், வோல்டேஜ், நியூட்ரல்

பூட்டிக் கிடக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி சாவதற்கு முக்கியக் காரணம் நாம் செய்யும் சிக்கனம். விமானம் ஏறும்முன் மெயினை ஆஃப் செய்கிறோம். இன்வெர்ட்டரோ ஆனிலேயே இருக்கிறது. சில நாட்களில் பேட்டரி முழுக்க இறங்கி, அப்படியே மாதக்கணக்கில் கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அரை மணி நேரம்தான் தாங்கும். நீங்கள் வருவதற்கு 15 நாள் முன்பே யாரையாவது அனுப்பி, டிஸ்டில்டு வாட்டரை மிதவையின் மேல்கோடு வரை ஊற்றச் சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் சார்ஜ் ஆகும்போது ஆசிட் வழியும். குழாய்த் தண்ணீர், மினரல் வாட்டர் இரண்டும் கூடாது.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி தாளில் 1,800 வாட்-மணி. கையில் கிடைப்பது சுமார் 1,100. பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் தின்னும். மூன்று ஃபேன், நான்கு எல்.இ.டி. பல்பு, ஒரு வைஃபை ரூட்டர் என்றால் 270 வாட்; நான்கு மணி நேரத்தில் முடிந்தது. அதே மூன்றும் குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் ஒன்றுக்கு 30 வாட்தான், எட்டு மணி நேரம் ஓடும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். இண்டக்‌ஷன் அடுப்பை இன்வெர்ட்டர் லைனில் போடவே போடாதீர்கள்.

வோல்டேஜுக்குச் சட்டப்படி எல்லை உண்டு: 230-க்கு ஆறு சதவீதம் மேலே, ஆறு சதவீதம் கீழே, அதாவது 216 முதல் 244 வரை. 170-க்குக் கீழே போனால் ஃபிரிட்ஜ் ‘ம்ம்’ என்று முனகும், கிளம்பாது. அப்படியே விட்டால் கம்ப்ரசர் காயில் கருகும். கரண்டு திரும்பி வந்ததும் ஃபிரிட்ஜையும் ஏ.சி.யையும் ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. திடீரென்று ஒரு அறையில் பல்பு மங்கி, இன்னொரு அறையில் கண் கூசும்படி எரிந்தால், ஃபேன் பேய் பிடித்தமாதிரி சுற்றினால், அது லோ வோல்டேஜ் இல்லை, நியூட்ரல் (கரண்டு திரும்பிப் போகிற கம்பி) போய்விட்டது. மும்முனை இணைப்புள்ள வீட்டில் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறலாம். யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். அரை நிமிடத் தாமதத்துக்கு விலை டி.வி., ரூட்டர், ஃபிரிட்ஜ் மூன்றும் சேர்ந்து போவதாக இருக்கலாம்.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் 120 வோல்ட் ஹேர் டிரையர், ஹீட்டிங் பேட் கொண்டுவந்தால் செருகிய கணமே புகைதான். சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் பயமில்லை. பவர்பேங்க் 100 வாட்-மணிக்குள், விமானத்தில் கைப்பையில்தான் வரவேண்டும். தூக்கத்தில் மூச்சுக்காக சீபேப் கருவி போடுகிறவர்கள் அதிலுள்ள ஹியூமிடிஃபையரை நிறுத்தினால் மின்தேவை பாதிக்கு மேல் குறையும். இன்சுலினை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பத்து மணி நேர மின்வெட்டில் அதன் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதைவிட, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், நனையாதபடி டப்பாவில் போட்டு வைப்பது மேல்.

பெட்ரோல், கேஸ்

கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ். வரிகளும் சேர்ந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் சுமார் 5 ரூபாய் அதிகம். ஆந்திரத்தில் வித்தியாசம் அதையும் தாண்டும். அதனால்தான் தமிழ்நாட்டு எல்லையோர பெட்ரோல் பங்குகளில் கேரள எண் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. சபரிமலை சீசனில், கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை, கம்பம், செங்கோட்டை பங்குகளில் கூட்டம் இரட்டிக்கும். முதல் நாள் ராத்திரியே போட்டுக்கொள்ளுங்கள். பரம்பிக்குளம் போகிறவர்கள் பொள்ளாச்சியிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பங்கில் கரண்டு போனால் ஜெனரேட்டரில் பம்பு ஓடும், யு.பி.ஐ. மட்டும் படுத்துவிடும், சில 500 ரூபாய் நோட்டு பையில் இருக்கட்டும். கேரளத்தில் ஹர்த்தாலுக்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ஆனாலும் காலை 6 முதல் மாலை 6 வரை பங்கு மூடியிருக்கும் என்றே வைத்துக்கொண்டு, கொச்சி விமானத்துக்கு முந்தின நாளே கிளம்புங்கள்.

அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால் சண்டை போடவேண்டாம். எல்லா பங்கிலும் 5 லிட்டர் அளவுப் பாத்திரம் முத்திரையோடு இருக்கும். பிடித்துக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

கொட்டகையில் ஒரு வருஷமாக நிற்கும் மாமாவின் பழைய பைக்கை வந்த அன்றே உதைக்காதீர்கள். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுவதையும் இறக்கிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றி அதையும் வடித்து, ரப்பர் டியூபை மாற்றிய பிறகே புதுப் பெட்ரோல்.

சிலிண்டர் புக் செய்தால் டெலிவரி கோடு பதிவான மொபைலுக்குத்தான் வரும். அந்த எண் காலமான தாத்தாவுடையதாக இருந்தால் வண்டி வந்தும் சிலிண்டர் இறங்காது. குறுகிய காலம் தங்குகிறவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர்தான் தோது. அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்கமாட்டார்கள்.

புகார் எப்படிப் போடுவது

தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. கேரளத்திலும் ஆந்திரத்திலும் 1912. இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கேரளத்தில் அது 13 இலக்கம். பேசி முடித்ததும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். எண் இல்லாத புகார், புகாரே இல்லை.

தெரிந்த கவுன்சிலருக்கோ எம்.எல்.ஏ.வின் ஆளுக்கோ போன் போட்டால் அன்றைக்கு பீஸ் போட ஆள் வரும். அடுத்த வாரம் மறுபடியும் அதே பீஸ். டிரான்ஸ்பார்மர் மாறவேண்டுமென்றால் எழுத்துதான் வழி. ஒரு மல்டிமீட்டர் வாங்கி, ஏழு நாள் தொடர்ந்து ராத்திரி 7, 8, 9, 10 மணிக்கு வோல்டேஜைக் குறியுங்கள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் எண்ணைப் படமெடுங்கள். அதில் இணைந்துள்ள வீடுகளின் கையெழுத்தோடு ஒவ்வொருவரின் இணைப்பு எண்ணையும் சேர்த்து உதவிப் பொறியாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அசையாவிட்டால் செயற்பொறியாளர், பிறகு மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தந்த வழி இது; மூன்று மாநிலத்துக்கும் பொது.

சித்தூரிலோ பாலக்காட்டிலோ தமிழில் மனு எழுதத் தயங்கவேண்டாம். நாட்டிலோ அந்தந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையை எழுதிக் கொடுக்க அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் பிரிவு உரிமை தருகிறது. எழுதிய பிறகு நேரில் போய், “சேட்டா, ஒண்ணு நோக்கணே” (அண்ணே, கொஞ்சம் பாருங்க) என்று நின்றால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். தகவல் உரிமை மனுவோ (10 ரூபாய், 30 நாள்) இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியவர்கள் ஊரில் இருக்கும் அக்கா, தம்பி பெயரில் போடச் சொல்லுங்கள்.

கரண்டுக்காக சாலை மறியல் நடந்தால் அந்தக் கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனாலும் சுற்றுலா விசாவில் வந்தவர் அதில் உட்காரக் கூடாது. வழக்கில் பெயர் சேர்ந்தால் திரும்பிப் போகிற தேதி உங்கள் கையில் இருக்காது.

கிளம்பும்போது மெயினை ஆஃப் செய்வதென்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருநாள் மாட்டிச் சார்ஜ் ஏற்ற ஆள் சொல்லிவிட்டுப் போங்கள். கரண்டு பில்லுக்கு முன்பணம் கட்டிவிடுங்கள். வாசல் கேட்டின் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்போது, ரீடிங் எடுக்க வருகிற தேதியையும் சொல்லுங்கள்.