ஓட்டோபைலட்டுக்குச் சேர்வோ பூட்டும்போது விடும் தவறுகள்

தென்மராட்சியில் அறுவடை முடிந்த வயலொன்றில், உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் தான் செய்த ரெஜிபோம் (பாரமில்லாத நுரைப் பலகை) விமானத்தை முதன்முதலாக எறியத் தயாராக நின்றார். "ஒருக்காப் பொறுங்கோ" என்று வாங்கி, வலப்பக்கம் சரித்துப் பார்த்தேன். கீழே இறங்க வேண்டிய வலது எயிலரோன் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) மேலே எழுந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. என் முதல் விமானத்தைத் தின்றதும் இதே பிழைதான்.

அனுமதி எடுப்பது, பற்றரி ஏற்றுவது, பாரச் சமநிலை பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். நான் சேர்வோவோடு, அதாவது அந்த மடல்களை அசைக்கும் சிறு மோட்டரோடு, நிற்கிறேன்.

ரிமோட்டில் ரிவேர்ஸ் போடுவது

சேர்வோவைப் பூட்டி ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுகிறோம். எயிலரோன் எதிர்ப்பக்கம் அசைகிறது. உடனே கை ரிமோட்டுக்குப் போகிறது. அந்தச் சனலை ரிவேர்ஸ் (திசை மாற்றம்) செய்கிறோம். சரியாகிவிட்டது போலத் தெரியும். ஓட்டோபைலட் (விமானத்தைத் தானாகச் சமன்படுத்தும் கருவி) இல்லாத விமானத்தில் அது சரியும்கூட.

ஓட்டோபைலட் இருந்தால் கதை வேறு. மனுவல் முறையில் அது உங்கள் கட்டளையைச் சேர்வோவுக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். ரிமோட்டில் ஒரு திருப்பம், சேர்வோவில் ஒரு திருப்பம். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். சமநிலை முறைக்கு மாற்றியதும் ஓட்டோபைலட் தானாகக் கட்டளை இடத் தொடங்கும். அந்தக் கட்டளை ரிமோட் வழியாக வருவதில்லை. காற்று விமானத்தை வலப்பக்கம் சரித்தால் "இடப்பக்கம் உருள்" என்று அது சொல்லும். தலைகீழாக நிற்கும் சேர்வோ இன்னும் வலப்பக்கம் உருட்டும். சரிவு கூடக் கூட, பிழையான திருத்தமும் கூடும்.

கொடுமை என்னவென்றால், சமநிலை முறையில் வைத்து நிலத்தில் ஸ்டிக்கை அசைத்தாலும் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதை நம்பித்தான் நானும் எறிந்தேன். மூன்று நிமிடம் மனுவலில் அருமையாகப் பறந்தது. ஏறத்தாழ 40 மீற்றர் உயரத்தில் முறையை மாற்றினேன். சோளகக் காற்று இடது இறக்கையைச் சற்றுத் தூக்கியது. அவ்வளவுதான், உருண்டு கொண்டே போனது. ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் இழுத்தும் கேட்கவில்லை. மனுவலுக்குத் திரும்பியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம்; அந்தப் பதற்றத்தில் தோன்றவில்லை. ஆறு மாத வேலை வடலிக்குள் தூளாகக் கிடந்தது.

இன்றும் புதியவர்களுக்கு "ரிமோட்டிலை மாத்திவிடு" என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் மிஷன் பிளானரில் (ஓட்டோபைலட்டை அமைக்கும் கணினி மென்பொருள்) ரிமோட்டை அளவுதிருத்தி, ஸ்டிக்கின் திசைகளைச் சரியாக்குங்கள். அதன் பிறகு ரிமோட்டைத் தொடாதீர்கள். எயிலரோன் மாறி அசைந்தால், ஓட்டோபைலட்டின் அமைப்பில் அந்தச் சேர்வோ வெளியீட்டை மட்டும் ரிவேர்ஸ் செய்யுங்கள். அப்புறம் பிரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, சமநிலை முறையில், ஸ்டிக்கைத் தொடாமல் விமானத்தைக் கையில் தூக்கிச் சரியுங்கள். வலப்பக்கம் சரித்தால் வலது எயிலரோன் கீழே, இடது மேலே. மூக்கைத் தாழ்த்தினால் எலிவேற்றர் (வால் மடல்) மேலே. சேர்வோவைக் கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

கரத்தை மின் கொடுக்காமல் பூட்டுவது

சேர்வோவுக்கு 1500 மைக்ரோசெக்கன் நடு நிலைச் சிக்னலைக் கொடுத்துவிட்டுத்தான் கரத்தை (சேர்வோவின் அச்சில் பொருத்தும் சிறு கை) பூட்ட வேண்டும். கண்ணளவில் பூட்டினால் ஒரு பக்கம் அசைவு குறையும். மிஞ்சும் சிறு விலகலை, கரத்தையும் மடலையும் இணைக்கும் கம்பியின் நீளத்தை மாற்றித் தீருங்கள்.

சேர்வோவுக்குத் தனி மின் கொடுக்காதது

பிக்ஸ்ஹோக் என்ற ஓட்டோபைலட் பலகை தன் சேர்வோ வரிசைக்கு மின் கொடுக்காது. 5 வோல்ற் சீராக்கி ஒன்று தனியாக வேண்டும். சிறிய சேர்வோகூட அடைபட்டு நின்றால் அரை அம்பியருக்கு மேல் இழுக்கும். நான்கு சேர்வோவுக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பிளாஸ்டிக் பற்சக்கரம்

வேண்டாம். ஓட்டோபைலட் ஓயாமல் சிறு சிறு திருத்தம் செய்யும், பல் தேய்ந்துவிடும்.

குளூகன் பசையால் மட்டும் ஒட்டுவது

நம் வெயிலில் இளகும். திருகாணி போடுங்கள்.

துருப்பிடித்த இணைப்புக் கம்பி

துடைக்காதீர்கள், மாற்றுங்கள்.